இடது கை மோதிர விரல்

வாரம் மூன்று நாள் லாரித் தண்ணீர்,
மீதி நாள் போர் தண்ணீர்.
பள்ளிக்கரணையில் வீடு பிடித்தால்
உப்பும் கூடவே குடிவரும்.
குழாய்க் கழுத்தில் வெள்ளைப் பொருக்கு,
பக்கெட் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு,
குளியலறைக் கண்ணாடிக் கதவில்
சித்திரையிலும் மார்கழிப் பனி.

அதற்கு ஆசிட் வைத்திருந்தேன்.
லேபிள் கிழிந்த பழைய பாட்டில்,
சைக்கிள்காரர் கொண்டுவருவார்.
ஊற்றினால் டைல்ஸ் சீறும்.
சீறினால் சுத்தம் என்று நம்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தேசம்மா
ப்ளீச்சிங் பவுடர் போட்ட தரையிலேயே
அதையும் ஊற்றிவிட்டார்.
நான் மீட்டிங்கில் இருந்தேன், ஹெட்போனோடு.
இருமல் என் காதுக்கு வந்து சேர
மூன்று நிமிடம் ஆயிற்று.
பால்கனியில் உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.
மோர் கொடுத்தேன் என்பதை
இன்றும் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன், பாருங்கள்.

அப்போதுதான் கையைக் காட்டினார்.
"ரேஷன் கடைல மெசினு
நான் ஆளே இல்லன்னுது சார்.
பத்து வெரலும் வச்சுப் பாத்தாச்சு.
எட்டு வூட்டுக் கக்கூசு தின்ன ரேகை,
அதுக்கு எங்க தெரியப் போவுது?"

பார்த்தேன்.
கரைந்த சோப்பு போல விரல் நுனிகள்.

மறுநாள், புதிதாய் ஞானம் வந்தவன்
வினிகரையும் சமையல் சோடாவையும்
ஒன்றாய்க் கொட்டினேன்.
பொங்கியது பாருங்கள், ஒரு தீபாவளி!
அடங்கியதும் கறை அப்படியே இருந்தது.
ஒன்றையொன்று தின்றுவிடும் என்று
பத்தாம் வகுப்பில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான்.
தேசம்மா எட்டிப் பார்த்து
"கோலி சோடாவா சார்?" என்றார்.

தனித்தனியாய் வைத்தபோதுதான் வேலை நடந்தது.
குழாய்க் கழுத்தில் வினிகர் நனைத்த பனியன் துண்டு,
ராத்திரி முழுக்க,
தொண்டைக்கட்டுக்குப் பற்றுப் போட்ட மாதிரி.
காலையில் பொருக்கு நகத்தோடு உரிந்து வந்தது.
அடுப்பு மேடைப் பிசுக்குக்குச் சமையல் சோடா,
வெந்நீர், ஒரு காபி குடிக்கும் நேரம்.
தரைக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர்.
வாசல் மார்பிளில் ஆர்வமாய் எலுமிச்சை தேய்த்ததில்
ஒரு வட்டம் மங்கிப்போனது.
அது அட்வான்ஸில் கழியும்.

பால்கனியில் ஒரு ஜாடி:
சாத்துக்குடித் தோல், வெல்லம், தண்ணீர்.
தினமும் மூடியைத் தளர்த்த வேண்டும்.
ஒருநாள் மறந்தேன்.
கீழ்வீட்டு ஜெயசீலன் சாரின்
காயப்போட்ட வெள்ளை வேட்டி சாட்சி.

சீறல் இல்லை, மூக்கில் ஏறும் நெடி இல்லை.
"சுத்தமாச்சுன்னு எப்படித் தெரியும்?"
என்று கேட்டாள் வைதேகி.
நியாயமான கேள்வி.
வாசனையில்லாத தரையை நம்ப
எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

கழுவிய தண்ணீர் போகுமிடம் எனக்குத் தெரியும்.
மேம்பாலத்தில் பஸ் ஊரும்போது பார்த்திருக்கிறேன்:
கோரைக்கு நடுவே பூநாரைகள்
ஒற்றைக் காலில் நிற்கும்,
மற்றதை எங்கே வைப்பது என்று யோசிப்பவைபோல.

மற்ற ஏழு வீட்டிலும் தேசம்மாவே பேசினார்.
ஐந்து ஒத்துக்கொண்டது.
ஒன்றில் தலையாட்டிவிட்டு
பாட்டிலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள்.
ஒன்றில், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

ஆடி மாதம் ஒரு நாள் தாமதமாய் வந்தார்.
தோள்பையில் துவரம்பருப்பு, பாமாயில்.
"எடது கை மோதிர வெரலு சார்.
அது ஒண்ணுதான்.
நாலாவது தபா வச்சப்ப
பீப்புன்னுச்சு."

நேராகச் சமையலறைக் குழாய்க்குப் போய்
அந்த விரலை அழுத்தி எடுத்தார்.
பளபளப்பின்மேல் கோடு கோடாய்,
குறுக்கே நறுக்கிய சின்ன வெங்காயம்.
இருவரும் குனிந்து பார்த்தோம்.

பிறகு பனியன் துண்டை எடுத்து
அதையும் துடைத்துவிட்டு
குளியலறைப் பக்கம் போனார்.

"அந்த மஞ்சக் கறை இன்னும் போவல சார்."
இருக்கட்டும் விடுங்கள் என்றேன்.
"அதெப்டி இருக்கட்டும்?"
என்றது உள்ளிருந்து குரல்.